ரெண்டாவது இழுப்பு

எவனோ ரெண்டாவது தடவை இழுத்திருக்கான். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு தடவை இழுத்தா இப்படி ஆகாது, முப்பத்தி மூணு வருஷமா நானும் இழுக்கறேன், ஒரு நாள் ஆனதில்லை. சாவியைத் திருகினதும் ஓடற சாதி இல்லை இது. ஐம்பத்தி ஒண்ணாம் வருஷத்து இங்கிலீஷ் கார். டேஷ்போர்டுல கறுப்பா ஒரு குமிழ் இருக்கும், அதை இழுக்கணும். இழுத்தா ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்தும், அதோட நுனியில இருக்கற குட்டிப் பல்சக்கரம் விசுக்குன்னு ஓடிப்போய் இன்ஜினோட பெரிய சக்கரத்தைக் கவ்வும், சுத்தி விடும், இன்ஜின் பிடிச்சதும் தானா விலகி வந்துரும். பிடிக்கலைன்னா கையை எடுத்துட்டுப் பேசாம உக்காரணும். உள்ள எல்லாம் அடங்கி நின்ன பிறகுதான் மறுபடி குமிழைத் தொடணும். பொறுமை கெட்டவன் உடனே இன்னொரு இழுப்பு இழுத்தான்னா, ஆடிட்டு இருக்கற பெரிய சக்கரத்துல குட்டிச் சக்கரம் கோணலாப் போய்ச் சிக்கிக்கும். பல்லுக்குள்ள பல்லு. முன்னாலயும் போகாது, பின்னாலயும் வராது. அப்பறம் எத்தனை இழுத்தாலும் டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னைக்குக் காலைல ஆறரை மணிக்கு எனக்குக் கேட்டது அந்த டொக்குதான். புதன்கிழமை சாயங்காலம் நான் நிறுத்தினப்ப வண்டி நல்லா இருந்துது. வியாழக்கிழமை விடியக்காலை மதுரைக்குப் பஸ் ஏறினேன். நேத்து ராத்திரி வந்து சேர்ந்தேன். இந்த மூணு நாள்ல எவனோ என் சீட்ல உக்காந்து, என் குமிழைப் பிடிச்சு இழுத்திருக்கான். மில்லுல முப்பத்தி ஒரு வருஷம் ஃபிட்டரா இருந்தவன் நான். மெஷினைப் பார்த்தா எந்த ஷிஃப்ட்காரன் கெடுத்ததுன்னு சொல்லிருவேன். என் வீட்டுக் கார் ஷெட்டுல, என் மூக்குக்குக் கீழ நடந்தது எனக்குத் தெரியாமப் போயிருமா என்ன.

பத்து மணிக்கு ரேஸ்கோர்ஸ்ல இருக்கணும். வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, கோயமுத்தூர்ல பழைய கார் வெச்சிருக்கறவங்க எல்லாம் அங்க கூடி, வரிசையா ஊரைச் சுத்தி வருவோம். பதினோரு வருஷமா முன்வரிசையில போற வண்டி இது. போலீஸ்காரன் கையைக் காட்டி வழி விடுவான், ஜனங்க போன்ல படம் பிடிப்பாங்க, நான் ஒரு கையை வெளிய போட்டுட்டு ஓட்டுவேன். இந்த வருஷம் போகலைன்னா ஏன்னு கேப்பாங்க. கேட்டா என்ன சொல்லுவேன். வலது கண்ணு போயிருச்சுன்னு சொல்ல முடியுமா. சித்திரை மாசம் ஒரு நாள், ஒரு பழைய ஷாஃப்ட்டு நேரா இருக்குதான்னு பாக்கறதுக்கு இடது கண்ணை மூடினேன். மூடினா இருட்டு. லைட்டு போயிருச்சோன்னு ஒரு நிமிஷம் கூரையைப் பாத்தேன். பல்பு எரிஞ்சிட்டுத்தான் இருந்துது. இங்க ஒரு டாக்டரைப் பாத்தேன், கண்ணுல பிரஷர், நரம்பு காஞ்சு போச்சு, வலியே இல்லாமத் திங்கற வியாதி, இத்தனை நாள் எப்படிங்க தெரியாம இருந்தீங்கன்னாரு. நான் என்னத்தைக் கண்டேன். அவரு சொல்றது பொய்யா இருக்கும், பணம் பிடுங்கப் பாக்கறாருன்னு மதுரைக்குப் போனேன். மில் சிநேகிதன் மகனுக்குக் கிரகப்பிரவேசம்னு வீட்ல சொல்லிட்டு ஆஸ்பத்திரியில போய் ரெண்டு நாள் வரிசையில உக்காந்தேன். அங்கயும் அதேதான். போனது வராது, இருக்கறதைக் காப்பாத்துவோம், வண்டி ஓட்டறதை மட்டும் இன்னையோட விட்ருங்க. அப்படிச் சொன்ன டாக்டர் பொண்ணுக்கு என் மகள் வயசு கூட இருக்காது. இன்னையோட விட்ருங்கன்னு என்ன சுலபமாச் சொல்றா. பீடியா, சிகரெட்டா, விடறதுக்கு. இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு, கழுத்தைத் திருப்பிட்டாப் போச்சு, இந்த நாலு மாசமா அப்படித்தானே ஓட்டறேன், எவனை இடிச்சேன். இன்னைக்கும் ஓட்டுவேன். யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் வண்டி என்னுது.

ஆறுச்சாமியா இருக்குமோன்னுதான் முதல்ல நினைச்சேன். அவன்தான் இந்த வண்டிக்கு மெக்கானிக், பீளமேட்ல பட்டறை. போன மாசம் டைனமோவைக் கழட்டி மாட்டினப்பவே அவன் பார்வை சரியில்லை. இந்த வண்டியை யாராச்சும் கேட்டாங்களான்னு ரெண்டு தடவை கேட்டான். எதுக்குக் கேக்கறேன்னேன். சும்மா கேட்டேனுங்கன்னான். சும்மா கேக்கறவன் ரெண்டு தடவை கேப்பானா. அதோட சீட்டு. காலைல கதவைத் திறந்து உக்காந்தா முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது. சீட்டை ரெண்டு பல்லு முன்னால தள்ளியிருக்கு. குள்ளமான ஆளு எவனோ உக்காந்திருக்கான். ஆறுச்சாமி குள்ளம். சாவி சாமி படத்துக்குப் பின்னால தொங்கறது அவனுக்குத் தெரியும். சரி, பிடிபட்டான்னு நினைச்சுட்டுத்தான் பானெட்டைத் தூக்கினேன். இந்த ஸ்டார்ட்டருக்குப் பின்பக்கம், தண்டோட முனை சதுரமா நீட்டிட்டு இருக்கும், அதுக்கு மேல பித்தளையில ஒரு மூடி. பல்லு சிக்கிக்கிச்சுன்னா மூடியை எடுத்துட்டு, அந்தச் சதுரத்துல ஸ்பேனரைப் போட்டு ஒரு திருப்பு திருப்பினா டக்குன்னு விட்ரும். செஞ்சவன் அதுக்குன்னே வெச்சுக் கொடுத்த வசதி. நான் குனிஞ்சு பாக்கறேன், மூடி இல்லை. சதுரத்தோட நாலு மூலையும் மழுங்கிக் கெடக்குது. வெள்ளி மாதிரி பளபளன்னு புதுக் கீறல். எவனோ கட்டிங் பிளேயரைப் போட்டு நெரிச்சிருக்கான். எழுபது வருஷம் அந்த மூலை கூரா இருந்துது. ஆனா அதைப் பாத்ததும் ஆறுச்சாமியை விட்டுட்டேன். அவன் திருடனா இருக்கலாம், பிளேயர் போடமாட்டான். எந்த மெக்கானிக்கும் போடமாட்டான். இது கடையில உக்காந்து வியாபாரம் பண்றவன் கை.

தண்டபாணி. வேற யாரு. என் பொண்டாட்டிக்குத் தம்பி, சிங்காநல்லூர்ல பாத்திரக்கடை. மாமா மாமான்னு வாய் நிறையக் கூப்பிடுவான், கண்ணு மட்டும் வண்டி மேலயே இருக்கும். மாமா, உங்களுக்கு அப்பறம் இதை யாருங்க பாத்துக்குவாங்கன்னு ஒரு நாள் கேட்டான். எனக்கு அப்பறமாம். நான் கல்லு மாதிரி எதிர்ல உக்காந்திருக்கேன், எனக்கு அப்பறம் என்னங்கறதை எண்ணிட்டு உக்காந்திருக்கான். ஆனா தண்டபாணி பனைமரம் மாதிரி உசரம். அவன் சீட்டைப் பின்னால தள்ளுவானே ஒழிய முன்னால ஏன் தள்ளறான். இந்த இடத்துல வந்து மனசு அப்படியே நின்னு போகுது. குள்ளமா ஒருத்தன், பிளேயர் போடத் தெரிஞ்ச ஒருத்தன், ரெண்டு பேரா. கூட்டா. நான் ஸ்பேனரை அந்த மழுங்கின சதுரத்துல போட்டுத் திருப்பறேன், வழுக்குது, மறுபடி போடறேன், வழுக்கி விரல் முட்டியில அடிச்சு ரத்தம் வந்துருச்சு. துடைக்கலாம்னு டூல் பாக்ஸைத் திறந்து பழந்துணியை எடுத்தேன். அப்பத்தான் பாத்தேன். மதுரைக்குப் போறதுக்கு முன்னால, இங்க பாத்த டாக்டர் கொடுத்த சீட்டைப் பிளக் டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். வீட்ல எங்க வெச்சாலும் சாந்தாமணி கைக்குச் சிக்கும், டூல் பாக்ஸ் பக்கம் அவ வரவே மாட்டா, அதனால இங்க. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் இங்கிலீஷ்ல எழுதி அடிக்கோடு வேற போட்ட சீட்டு. நான் நாலா மடிச்சு வெச்சேன். இப்ப எட்டா மடிச்சிருக்குது. நல்லா நகத்தால தேய்ச்சு, ஓரத்தோட ஓரம் சேர்த்து மடிச்சிருக்குது. பிளேயரைத் தேடி இந்தப் பெட்டியைத் திறந்தவன் இதைப் படிச்சிருக்கான். கருமம், ஸ்டார்ட்டர் போனாப் போகட்டும். வண்டியை எடுத்தவன் எவனோ அவனுக்கு என் கண்ணு தெரியும். இன்னேரம் யார் யாருகிட்டச் சொல்லியிருப்பான். ரேஸ்கோர்ஸ்ல போய் நின்னா, எங்க பழைய கார் சங்கத்துச் செக்ரட்டரி வந்து தோள்ல கை போட்டு, அண்ணா சித்த இப்படி வாங்கன்னு ஓரமாக் கூட்டிட்டுப் போவாரு. அந்த அண்ணாவை நினைச்சாலே எனக்கு உடம்பு கூசுது. அத்தனை பேருக்கு முன்னால சாவியைக் கேப்பாங்க. நான் கொடுத்துட்டு ஆட்டோவுல வீட்டுக்கு வரணும்.

காபின்னு பின்னாடி சத்தம். சாந்தாமணி டம்ளரோட வந்து நிக்கறா. குளிச்சிட்டா, மஞ்சள் சேலை, ரேஸ்கோர்ஸ் போறதுக்குக் கட்டற சேலை. ஸ்டார்ட் ஆகலைங்களான்னு கேட்டா. ஆகாதுன்னு தெரிஞ்சு கேக்கற மாதிரி இருந்துது. அது என் பிரமையா இருக்கலாம். "யாராச்சும் வந்தாங்களா, நான் ஊர்ல இல்லாதப்ப?"ன்னேன். "யாரு வருவாங்க. பால்காரன் வந்தான். கேஸ்காரன் வந்தான்."னா. "உன் தம்பி?" டம்ளரை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினா. "வந்தானுங்க. கடையில இருந்து குக்கர் கொண்டாந்து குடுத்துட்டுப் போனான்." குக்கர். நம்ம வீட்ல மூணு குக்கர் இருக்கு, நாலாவது எதுக்கு. அவ டம்ளரைக் கொண்டாந்து மட்கார்டு மேல என் இடது கைப்பக்கமா வெச்சா. இதையும் கவனிச்சிட்டுத்தான் வர்றேன். கல்யாணமான நாள்ல இருந்து வலது பக்கம் வெச்சவ, இந்த வருஷம் என்னமோ எல்லாத்தையும் இடது பக்கம் வெக்கறா. தட்டுக்குப் பக்கத்துல தண்ணிச் சொம்பு, தலைமாட்டுல மூக்குக்கண்ணாடி, எல்லாம் இடது பக்கம். கேட்டா எங்க வெச்சா என்னங்கன்னு ஒரு பதில். வயசானா பொம்பளைங்களுக்கு இப்படி ஒரு பிடிவாதம் வந்துரும் போல. கார்ல வந்தாலும் இதே கூத்துதான். பங்குனி மாசம் ஹோப் காலேஜ் பக்கம் போயிட்டு இருக்கறப்ப, திடீர்னு நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினா. பதறிப்போய் பிரேக்கை மிதிச்சேன். கொய்யாப்பழம் வாங்கணுமாம். கொய்யாக்காரனே அங்க இல்லை. சைக்கிள்ல ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளை மட்டும் காருக்கு முன்னால குறுக்கால போச்சு, வலது பக்கத்துல இருந்து எங்கிருந்து வந்துச்சோ. கொய்யா எங்கடின்னு கேட்டா, போயிட்டானாட்ட இருக்குதுங்கறா. அதுக்கப்பறம் இப்படி எத்தனை நிறுத்தல். தண்ணி குடிக்கணும், செருப்பு கழண்டுருச்சு, அது யாரு நம்ம ஒறம்பரை, சொந்தக்காரங்க மாதிரி இருக்குது. ரோட்ல யாருக்கோ ஜாடை காட்டறாளோன்னு கூட ஒரு நாள் நினைச்சேன். இந்த வயசுல யாருக்குன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன், ஆனா நினைச்சது நினைச்சதுதான். இப்பவும் போகாம நிக்கறா. "முட்டியில ரத்தம் வருதுங்க"ன்னா. வரட்டும் போன்னேன். போகலை. அந்த ஸ்டார்ட்டரையே குனிஞ்சு பாக்கறா. என்ன தெரியும் இவளுக்கு அதுல.

என்ன தெரியும்னு நினைச்சதும் அந்தப் பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்துருச்சு. வேண்டாம்னாலும் வருது. தொண்ணூத்தி ரெண்டுல இவளுக்கு நான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். அவதான் ஆசைப்பட்டுக் கேட்டா. மூணு நாள் மில் கிரவுண்ட்ல ஓட்டினா, பரவாயில்லாமத்தான் ஓட்டினா, நாலாவது நாள் வீட்டுக்குள்ள நானே கொண்டு வர்றேன்னு வந்து, கேட் தூண்ல இடது மட்கார்டை ஒரு தேய் தேய்ச்சிட்டா. சின்ன அமுங்கல்தான். ஆனா தண்டபாணி நிக்கறான், எதிர்வீட்டுக்காரங்க நிக்கறாங்க, எனக்கு மானம் போன மாதிரி ஆயிருச்சு. எறங்குடின்னேன். உனக்கெல்லாம் கிரைண்டர் சுவிட்சே போதும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சாளா, ஞாபகம் இல்லை. சிரிச்சிருப்பா. விளையாட்டுக்குச் சொன்னதுதானே. அந்த டிங்கர் வேலை பண்ணின இடத்துல பெயிண்ட் கொஞ்சம் மங்கல், ரேஸ்கோர்ஸ்ல யாராச்சும் வண்டியைச் சுத்திப் பாத்தா நான் அதைத் தொட்டுக் காட்டி, இது சாந்தாமணி கையெழுத்துங்கன்னு சொல்லுவேன். ஒவ்வொரு வருஷமும் சொல்றேன். அவ மஞ்சள் சேலையோட பக்கத்துல நிப்பா. அதுக்கப்பறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட அவ ஸ்டியரிங்கைத் தொடலை, கேக்கவும் இல்லை. கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா. இப்ப எதுக்கு அது. மணி எட்டு ஆகப்போகுது, மாரியம்மன் கோயில் மைக்செட்டு வேற காதைப் பிளக்குது, எனக்குத் தெரிய வேண்டியது இந்தச் சீட்டை யாரு எட்டா மடிச்சதுங்கறதுதான்.

உள்ள போன் அடிக்குது. சாந்தாமணி ஓடறா. ஜன்னல் திறந்திருக்கு, நான் ஸ்பேனரை அசைக்காம மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். கண்ணுல போனது காதுல வந்துருச்சு எனக்கு. ம். ஆமாடா. வண்டிகிட்டத்தான் நிக்கறாரு. இல்லை, இன்னும் சொல்லலை. அதுக்குள்ள மைக்காரன் அம்மா தாயேன்னு ஆரம்பிச்சுட்டான். நீ வராத, நானே பாத்துக்கறேன்னு மட்டும் கடைசியாக் கேட்டுது. இன்னும் சொல்லலையாம். எதை. சரிதான், அக்காவும் தம்பியும் சேர்ந்துதான். மூணு நாள் நான் இல்லாதப்ப அவன் வண்டியை எடுத்துட்டுப் போய் எவனுக்கோ காட்டியிருக்கான், கடைக்காரப் பையனை ஓட்டச் சொல்லியிருப்பான், குள்ளனா இருப்பான், சிக்கினதும் பிளேயர் போட்டிருக்கான், சீட்டைப் படிச்சிருக்கான், அக்காகிட்டக் காட்டியிருக்கான். அக்கா, மாமா இனி ஓட்டக் கூடாது, வித்துரலாம். அவளும் தலையை ஆட்டியிருப்பா. முப்பத்தி எட்டு வருஷம் கூட இருந்தவ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா, கண்ணு எப்படி இருக்குதுன்னு. நான் சொல்லலைங்கறது வேற விஷயம். சொல்லாட்டி என்ன, கேக்கலாமில்ல. இருக்கட்டும், முதல்ல வண்டியைக் கிளப்பறேன், ரேஸ்கோர்ஸ் போய்ட்டு வந்து வெச்சுக்கறேன் கச்சேரியை. ஸ்பேனர் இனி ஆகாது. இன்னொரு வழி இருக்கு, எல்லாப் பழைய வண்டிக்காரனுக்கும் தெரிஞ்ச வழி. சாவியை ஆஃப் பண்ணிட்டு, டாப் கியர்ல போட்டு, வண்டியை முன்னும் பின்னுமா உலுக்கணும். சக்கரம் அசைஞ்சா இன்ஜின் அசையும், இன்ஜின் அசைஞ்சா சிக்கின பல்லு விட்ரும். உலுக்கறதுக்கு ஹேண்ட் பிரேக்கை எடுத்துரணும், எடுத்தா கேட் பக்கம் சரிவு, கியர் வழுக்கிருச்சுன்னா ரோட்டுக்கே ஓடிரும், உள்ள ஒரு ஆளு உக்காந்து பிரேக்குல காலை வெச்சிருக்கறது நல்லது.

"இங்க வா"ன்னேன். வந்தா. "ஏறி உக்காரு. சாவி ஆஃப்ல இருக்குதான்னு பாரு. ஹேண்ட் பிரேக்கை எடு. டாப் போடு." இப்படித்தான் சொன்னேன். மில்லுல ஹெல்ப்பர்கிட்டச் சொல்ற மாதிரி. என் புத்தி பூராவும் தண்டபாணிகிட்ட இருந்துது, யாருகிட்டச் சொல்றேன்னு யோசிக்கலை. சொல்லிட்டு முன்னால வந்து பானெட்டை மூடி, ரெண்டு கையையும் கிரில் மேல வெச்சுக் குனிஞ்சு நின்னேன். கதவு சாத்தற சத்தம். கிளட்ச் பெடல் கீச்சுன்னுது, கடைசி வரைக்கும் போற கீச்சு. அப்பறம் கியர். இந்த வண்டியில டாப்பு சுலபமா விழாது. நடுவுல கொண்டாந்து ஒரு நொடி நிறுத்தி, அப்பறம் உன் பக்கமா ஒரு சின்ன இழுப்பு இழுத்துத்தான் கீழ தட்டணும். ஆறுச்சாமிக்கே ரெண்டு தடவை கரகரங்கும். எனக்கு அது விழற சத்தம் தெரியும். வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி விழுந்துது. ஹேண்ட் பிரேக்கு எறங்குச்சு. நான் தலையைத் தூக்கலை. தூக்கத் தைரியம் இல்லை. கோயில் மைக்கு கத்திக்கிட்டே இருக்கு, எனக்கு அது எங்கயோ தூரத்துல கேக்குது. சீட்டு ரெண்டு பல்லு முன்னால. குள்ளமான ஆளு. பஸ் டிக்கெட்டு, மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கையில கிடைக்கற காகிதத்தை எல்லாம் நகத்தால தேய்ச்சுத் தேய்ச்சுச் சின்னதா மடிக்கற ஆளு.

"தள்ளுங்க"ன்னா உள்ள இருந்து. தள்ளினேன். வண்டி பின்னால ஒரு விரக்கடை போய் முட்டி நின்னுது. இழுத்தேன். தள்ளினேன். ஒவ்வொரு தள்ளுக்கும் கோபம் கிர்ருன்னு ஏறுது. என் வண்டி. என் முதுகுக்குப் பின்னால. நான் மதுரையில ஆஸ்பத்திரி பெஞ்சுல பயந்து செத்துட்டு உக்காந்திருக்கறப்ப, இங்க இவ சீட்டை முன்னால தள்ளிட்டு ஊர் சுத்தியிருக்கா. பக்கத்துல அவளோட தம்பி. நானும் பொய் சொல்லிட்டுத்தான் போனேன், அது வேற. இழுத்தேன், தள்ளினேன், அஞ்சாவது தள்ளோ ஆறாவதோ, வண்டிக்கு அடியில டக்குன்னு ஒரு சத்தம். விட்டுருச்சு. பல்லு விலகிருச்சு. நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால அவ என்னையே பாத்துட்டு இருக்கா. ஸ்டியரிங்கைக் கடிகாரத்துல பத்தும் ரெண்டும் இருக்கற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கா, ஸ்கூல்ல சொல்லிக்கொடுக்கற பிடி. "ரெண்டாவது தடவை இழுத்துட்டேனுங்க"ன்னா. "கேட்டுகிட்ட ஆஃப் ஆயிருச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். பதட்டத்துல நிக்கறதுக்குள்ள மறுபடி இழுத்துட்டேன். தண்டபாணிதான் தள்ளி உள்ள விட்டான். பிளேயரைப் போடாதடான்னேன், கேக்கலை."

நான் டிரைவர் கதவுகிட்டப் போய் நின்னேன். எறங்குடின்னு சொல்றதுக்கு வாயைத் திறந்தேன். முப்பத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னால சொன்ன அதே வார்த்தை, அதே இடம், கேட் தூணு கூட அங்கயேதான் நிக்குது. அவ எறங்கற மாதிரி தெரியலை. கையை ஸ்டியரிங்ல இருந்து எடுக்கவும் இல்லை. பயந்துதான் இருக்கா, ஆனா எறங்கமாட்டா. "லைசென்ஸ் இல்லாம ஓட்டினியா?"ன்னேன். கேக்கறதுக்கு எனக்கு வேற எதுவும் கிடைக்கலை. "வாங்கிட்டேனுங்க. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் முறையாத்தான் கத்துக்கிட்டேன். காலைல யோகா கிளாஸ்னு சொன்னேனில்லீங்களா, அது யோகா இல்லைங்க." "எப்ப வாங்கின?" "தை மாசம்"னா. தை மாசம். நான் விரல்ல எண்ணிப் பாத்தேன். தை, மாசி, பங்குனி, சித்திரை. சித்திரையிலதான் நான் இடது கண்ணை மூடினேன். சித்திரையிலதான் எனக்கே தெரியும். தை மாசம் லைசென்ஸ் வாங்கணும்னா ஐப்பசி கார்த்திகையிலயே சேர்ந்திருக்கணும். யாரு சொன்னா இவளுக்குன்னு மனசு ஆள் தேடுது. டாக்டரா, அவரையே அப்ப நான் பாக்கலை. தண்டபாணியா, அவனுக்கு என்ன தெரியும். யாரும் சொல்லலை. சொல்றதுக்கு ஒருத்தரும் இல்லை. எனக்குத் தெரியறதுக்கு ஆறு மாசம் முன்னால, பக்கத்து சீட்ல உக்காந்துட்டே இவ பாத்திருக்கா. பாத்துட்டு எங்கிட்டச் சொல்லாம, அழாம, ஸ்கூலுக்குப் போய்ப் பேரு கொடுத்திருக்கா. எனக்குக் கோபம் வர்ற மாதிரி வந்துது, வரலை. அழுகை வந்துது, அதை முழுங்கினேன். "எங்கிட்ட ஏன் சொல்லலை?"ன்னேன். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க"ன்னா. அப்பறம் கொஞ்சம் மெதுவா, "மணி ஆச்சுங்க. அந்தப் பக்கம் ஏறுங்க"ன்னா.

வண்டியைச் சுத்திட்டு வர்றதுக்கு எத்தனை நேரம் ஆகும், பத்து தப்படி. அந்தப் பத்து தப்படியில நான் என்னென்னமோ நினைச்சேன். ரேஸ்கோர்ஸ்ல எல்லாரும் பாப்பாங்க, என்னண்ணா இன்னைக்கு மேடம் ஓட்டறாங்கன்னு சிரிப்பாங்க, நான் என்ன சொல்றது. இவளும் ரோட்ல போய் ரெண்டாவது தடவை இழுத்து நடுவழியில நிறுத்திட்டா என்ன பண்றது. இவங்க ரெண்டு பேரும் வேற என்னத்தை மறைக்கறாங்க. இன்னும் சந்தேகம் விடலை பாருங்க என்னை. இடது கதவைத் திறந்தேன். இவளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த நாலு நாளைத் தவிர, என் வண்டியில நான் இந்தப் பக்கம் உக்காந்ததே இல்லை. உக்காந்தா ஸ்பிரிங் ஒண்ணு தொடையில குத்துது, காலை நீட்ட இடம் இல்லை, பிடிச்சுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை, கையை எங்க வெக்கறதுன்னே தெரியலை. இத்தனை வருஷம் இவ எதைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தா. சாந்தாமணி குமிழை இழுத்தா. ஒரே ஒரு தடவை. பிடிச்சுது. சேலைத் தலைப்பை இடுப்புல சொருகிக்கிட்டு, ஃபர்ஸ்ட் போட்டு, கேட்டைத் தாண்டி முன்மூக்கு ரோட்டைத் தொடற இடத்துல நிறுத்தினா. அவ வலது பக்கம் பாத்தா. இடது பக்கம் எதிர்வீட்டுக்காரன் வேன் மறைச்சிட்டு நிக்குது, அவ சீட்ல இருந்து தெரியாது, என் பக்கம் இருந்துதான் தெரியும். "உங்க பக்கம் ஏதாச்சும் வருதுங்களா?"ன்னா. நான் தலையை வெளிய நீட்டிப் பாத்தேன். ஒரு மொபெட் வந்துது, நில்லுன்னேன், நின்னா. மொபெட் போச்சு. மறுபடி பாத்தேன், நல்லாக் கழுத்தைத் திருப்பி, இருக்கற ஒரு கண்ணை இடுக்கிக்கிட்டு, ரோட்டோட கடைசி வரைக்கும் பாத்தேன். "இல்லை. போ"ன்னேன். அவ எட்டிப் பாக்கலை, நெசமாங்களான்னு கேக்கலை. வண்டியை ரோட்டுக்கு எடுத்துட்டா.